ஒட்டுக்கடை

மீன்துறைக்குப் பின்னால் மூன்றாவது கதவு.
மத்தோசினோஷில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்:
மத்தி சுடும் வாடை முடிந்து
பிளாஸ்டிக் சுடும் வாடை தொடங்கும் இடம்.
பெயர்ப்பலகையில் இருப்பவர் என் முன்னாள் கணவர்.
உரித்துப் பார்த்தேன் ஒருமுறை,
தகரமும் சேர்ந்து வந்தது,
விட்டுவிட்டேன்.

கத்தி எழுத்துகளைத் திருப்பித்தான் வெட்டும்.
இருபது வருஷமாக இந்த ஊரை
வலமிருந்து இடமாக அறிவேன்.
வெட்டியபின் வேண்டாததைப் பிடுங்க வேண்டும்,
கொக்கி ஊசியால்,
வட்ட எழுத்துகளின் வயிற்றுக்குள் இருப்பதை.
மாலையில் என் முழங்கையில் ஒட்டிக்கிடப்பவை
எழுத்துகளின் ஓட்டைகள்.
ஜுவாவோ என்று எழுதினால்
தலைக்குமேல் ஒரு குட்டி அலை மிதக்க வேண்டும்.
முதல் சலவையில் முதலில் கழன்று போவது அதுதான்.
அலையைத் தொலைத்த ஜுவாவோக்கள்
திங்கட்கிழமை காலையில் வாசலில் நிற்பார்கள்.

பருத்திக்கு நூற்றைம்பது டிகிரி, பதினைந்து நொடி.
நைலானுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.
சிவப்பு பாலியெஸ்டர்தான் துரோகி.
மீன் டின் ஆலைப் பெண்கள் அணிக்கு
வெள்ளை ஃப்ளாக்கில் எண்கள் வைத்தேன்,
பூனைக்காது மாதிரி மெத்தென்று.
கடையை விட்டுப் போகும்போது வெள்ளைதான்.
ஞாயிற்று ஆட்டத்துக்குள்
அடியிலிருந்து சாயம் ஏறி
பதினாலு முதுகிலும் இளஞ்சிவப்பு.
பணத்தை எண்ணி உறையில் போட்டுக் காத்திருந்தேன்.
கோல்கீப்பர் ஒடேட் வந்தாள்.
"நாலு கோல் வாங்கினோம். அது வேறு விஷயம்.
அடுத்த வருஷமும் இதே நிறம் வேண்டும்."
அந்த நிறம் எந்தச் சுருளிலும் வராது,
தப்பு செய்தால்தான் வரும் என்று
அவளிடம் எப்படிச் சொல்ல?

நவம்பரில் ஒரு பெண்
நீல ஜாக்கெட்டோடு வந்தாள்.
முதுகில்: தவெய்ரா சகோதரர்கள், கப்பல் பழுது.
"இந்தப் பெயரை எடுத்துவிடுங்கள்.
ஜாக்கெட் இன்னும் உழைக்கும்.
அவரைத்தான் நிறுத்திவிட்டார்கள்."
தட்டை இறக்கினேன்.
சூடு ஆறுமுன் ஒரு மூலையைக் கிள்ளி இழுத்தேன்.
காய்ச்சிய பாலின் ஏடு போல
முழுப் பெயரும் சுருண்டு வந்தது.

அடியில் அதே பெயர்.

பதினொரு வருஷ வெயில்
சுற்றியிருந்த நீலத்தையெல்லாம் தின்றிருக்க,
வினைலுக்குக் கீழே மட்டும்
வாங்கிய நாளின் நீலம்.
முன்னைவிடத் தெளிவாக, பாழாய்ப்போன அழகோடு,
தவெய்ரா சகோதரர்கள்.
அவள் சிரித்தாள். பிறகு மூக்கைச் சிந்தினாள்.

மேலே வேறு சொல் ஒட்டலாம் என்றேன்.
அதே அகலத்துக்கு ஒரு சொல் தேடினோம்,
அவள் விரலாலும் நான் அளவுநாடாவாலும்.
புருஷன் பெயர் ருய்,
ஒரு சகோதரனின் காலைக்கூட மறைக்காது.
ஊர்ப்பெயர் தவெய்ராக்களை மூடியது,
கப்பலை வெளியே விட்டது.
"வேலை தேடுகிறவர்" என்பது அச்சாகப் பொருந்தியது.
அவளே சொன்னாள்,
அவளே வேண்டாமென்று கையை ஆட்டினாள்.

கடைசியில் எழுத்தே இல்லாமல்
ஒரு நீளச் செவ்வகம், கருநீல ஃப்ளாக்.
மிச்சத் துண்டுதான், காசு வேண்டாம் என்றேன்.
அதற்காகப் புதுச் சுருளைப் பிரித்திருந்தேன்.

ஜனவரியில் ஏலக்கூடத்தில் அவனைப் பார்த்தேன்.
பெட்டி தூக்கும் கூலிக்கு வரிசையில் நிற்கிறான்,
முதுகில் ஒன்றும் சொல்லாத பலகையோடு.
பின்னால் நின்ற மீன்காரி
காத்திருக்கும் சலிப்பில்
அந்த வெல்வெட்டை விரலால் நீவினாள்.
மேலே நீவினால் இருட்டு, கீழே நீவினால் பளபளப்பு.
ஒரு மீன் வரைந்தாள்.
அழித்தாள்.
தன் பெயரை எழுத ஆரம்பித்தாள்.
அவனுக்கு முதுகு கூசியிருக்க வேண்டும்.
திரும்பவில்லை,
தோளை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொடுத்தான்.